இறுக்கியபோது கேட்ட சத்தம்

ஒரு வீட்டு ஜன்னலுக்குக் கம்பி மாட்டப் போன இடத்தில்தான் தம்பிக்கு அந்த விஷயம் தெரியவந்தது. வீட்டுக்கார அம்மா குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுவாக்கில் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு காகிதத்தைக் காட்டினார். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளுக்கு எழுத ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன கடிதம் அது. ஆள் போய்ப் பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், கதவுக்கு அடியில் தள்ளப்பட்டுக் கிடந்ததாம். தண்ணீரில் ஊறி, மை கலங்கி, பிறகு யாரோ மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்த காகிதம்.

"யாரு போட்டாங்கன்னே தெரியலப்பா. கதவத் திறந்து பார்த்தா தெருவுல ஈ காக்கா இல்ல. யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கணும்."

தம்பி கிட்டே போய்ப் பார்த்தான். காகிதம் மூன்றாக மடிக்கப்பட்ட தடம் தெரிந்தது. ஓரத்தோடு ஓரம் மயிரிழை பிசகவில்லை. அப்படி மடிக்கிற கை எது என்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினேழு வருஷமாக விரிப்பு மடிக்கிற அவனுடைய அக்காவின் கை. செத்தவர்களின் சட்டைப்பையில் எதையாவது கண்டால் மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். இவள் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, முகவரியை விசாரித்திருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டில் கேட்டதற்கு, "வர்ற வழிதானேடா, ரெண்டு மிதி கூட மிதிச்சா ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் செயினைத் துடைக்கப் போய்விட்டாள். அது வருகிற வழியே இல்லை. ஒன்பது கிலோமீட்டர் சுற்று.

அந்தச் சைக்கிள் இருந்ததால்தான் அவளால் அந்தச் சுற்றுச் சுற்ற முடிந்தது. அது அவளுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் அவன் இஷ்டத்துக்கு வருவான், இரண்டாவது பஸ் முதல் பஸ்ஸுக்காகக் காத்திருக்க மாட்டான். ஆறு அடித்து ஐந்து நிமிஷத்தில் சலவைக்கூடத்தின் பின்கதவைச் சாத்திவிடுவார்கள். மாதத்தில் மூன்று தடவை அந்தச் சாத்திய கதவைத் தட்டினால் மேற்பார்வையாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். பதினாறு வருஷம் அவள் நாலு மணிக்கு எழுந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே பிரார்த்தனையைச் சொல்லி முடித்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தவள். புருஷன் என்று ஒருவன் வேலைக்குப் போகிறேன் என்று வேறு ஊருக்குப் போய், போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி கிடையாது. அப்பா விட்டுப்போன வீட்டில் முன்னறை அவளுக்கு. பின்னறையும் சமையலறையும் தம்பி குடும்பத்துக்கு.

ஒரு நாள் பஸ்ஸே வராத காலையில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சைக்கிள் கடை வாசலில் அதைப் பார்த்தாள். பந்தயத்துக்கு ஓட்டுகிற மாதிரி சைக்கிள். ஆட்டுக்கொம்பு போல வளைந்து இறங்குகிற ஹேண்டில்பார், கைவிரல் தடிமனில் டயர், கறுப்பு நிறம். ஓட்டிக்கொண்டிருந்த ஆள் வெளிநாடு போகிறான், விற்கக் கொடுத்திருக்கிறான் என்றார் கடைக்காரர். தூக்கிப் பார்க்கச் சொன்னார். அக்கா இரண்டு கையையும் போட்டு மூச்சுப் பிடித்துத் தூக்கினாள். அது ஒரு பூனைக்குட்டி மாதிரி கையோடு வந்துவிட்டது. கொஞ்சம் விட்டிருந்தால் பின்னால் விழுந்திருப்பாள்.

"இது இரும்பு இல்லம்மா. கார்பன். நார் நாரா வெச்சுப் பசை போட்டுச் சுட்டு எடுக்கறது" என்றார் கடைக்காரர். "நீங்க எதுக்குப் பாக்கறீங்க, பையனுக்கா?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. கையில் கிடந்த இரண்டு வளையல் போயிற்று, சைக்கிள் வந்தது.

முதல் மாதம் தெருவே வாசலில் நின்று பார்த்தது. நாற்பத்தேழு வயசுப் பெண், நீளக் கால், நீளக் கை, குனிந்து, முழங்கை மடித்து, முட்டி மேலும் கீழும் போக விர்ரென்று போனால் எப்படி இருக்கும்? வெட்டுக்கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது சலவைக்கூடம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

தம்பியும் விடவில்லை. "ஏன்க்கா, இப்படிக் குனிஞ்சுக்கிட்டே போறியே, ரோட்டுல எதையாவது தொலைச்சிட்டியா?"

"ஆமாண்டா. ரெண்டு பஸ்ஸத் தொலைச்சிட்டேன். கிடைச்சா நீயே வெச்சுக்கோ."

தம்பி மனைவிக்கு வேறு குறை. சைக்கிள் முன்னறைச் சுவரில், அக்காவின் கட்டிலுக்கு மேலே, தம்பி பட்டறையில் அடித்துக் கொடுத்த ஒரு கொக்கியில் தொங்கும். "அண்ணி, சாமி படம் மாட்டற இடத்துல சைக்கிள மாட்டி வெச்சிருக்கீங்களே."

"சாமிக்கு நான் எங்க கும்பிட்டாலும் கேக்கும். இத வெளியில மாட்டினா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

கேலி பேசினவர்கள் வாய் ஓய்ந்தது. அக்கா ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தாள். வாரத்துக்கு வேண்டிய சீருடையை ஒரே நாளில் கொண்டுபோய்ச் சலவைக்கூடத்து அலமாரியில் வைத்துவிடுவாள். சைக்கிளில் போகும்போது உடம்பில் பாரமே இருக்காது. முதுகில் ஒரு சின்னப் பை, அதில் சாப்பாட்டு டப்பா, முகம் துடைக்கத் துண்டு. சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவு பை, அதில் ஒரு டியூப், டயரைக் கழற்ற இரண்டு பிளாஸ்டிக் நெம்பி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை காற்று, கல் மாதிரி. சாக்கடைக் கம்பி போட்ட இடத்தில் அந்த மெல்லிய டயர் சிக்கும் என்பதால், வழியில் எந்த இடத்தில் எந்தக் கம்பி குறுக்கே இருக்கிறது, எது நெடுக்கே இருக்கிறது என்று மனப்பாடம். மழை நாளில் பிரேக்கை முன்கூட்டியே தொட்டு ஈரத்தைத் துடைத்துக்கொள்வாள். நாற்பது நிமிஷம். ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே. ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கதவு அவள் முகத்தில் சாத்தப்படவில்லை.

ஐந்து மணி வரைக்கும் தூங்கினாள். அதுதான் பெரிய விஷயம். முகத்தில் சதை வைத்தது. பதினாறு வருஷம் பஸ்ஸுக்குக் கொடுத்திருந்த ஒரு மணி நேரத்தைக் கடவுள் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்வாள். மேம்பாலத்தில் ஏறி, உச்சியில் மிதிப்பதை நிறுத்தி, அந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் பாட்டுப் பாடிக்கொண்டு போவாள் என்று பால் வண்டிக்காரன் தம்பியிடம் சொன்னான். அக்கா பாடித் தம்பி கேட்டதே இல்லை.

இப்படி இருக்கும்போது தம்பி மனைவிக்குத் தையல் கடையில் மத்தியான வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டால் ஏழு வயசு மகளை யார் கூட்டிவருவது? அக்காவின் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். பள்ளிக்கூடம் வருகிற வழிதான், இது உண்மையாகவே வழிதான்.

"நான் கூட்டிட்டு வரேன்" என்றாள் அக்கா, யாரும் கேட்பதற்கு முன்னால். அன்றிலிருந்து பள்ளிக்கூட வாசலில் இறங்கி, சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்தாள்.

தம்பியின் பட்டறை அந்தத் தெருமுனையில். இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வான். வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள். குழந்தை நிழலைத் தேடி அவள் பின்னால் ஒளிந்து ஒளிந்து நடக்கும். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஓட்டுவதற்கென்று இருக்கிற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற கொடுமை உண்டா?

"அக்கா, ஒரு கேரியர் அடிச்சுத் தரேன். மேல குட்டி சீட்டு. புள்ளைய உக்கார வெச்சு அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்."

"வேண்டாண்டா. அது ஒரு ஆள் வண்டி. அதுல எதையும் வெச்சு இறுக்கக் கூடாதுன்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்."

"கடைக்காரன் சொல்லுவான். இருபத்திரண்டு வருஷம் இரும்போட பொழங்கறவன் நானா, அவனா?"

"அது இரும்பு இல்லையேடா."

பேச்சு அதோடு நின்றது. ஆனால் தம்பிக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அவன் மனைவி வேறு, மகளின் வெயில் பட்ட முகத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் கதவு செய்யறீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு சீட்டு செய்ய வக்கில்ல" என்று ஒரு வார்த்தை விட்டாள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அக்காவுக்கு விடுமுறை நாள். காலையில் வழிபாட்டுக்குப் போனால் மத்தியானம்தான் வருவாள். தம்பி சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்தான். கேரியர் முந்தின நாளே தயார். குறை சொல்ல முடியாத வேலை அது. மூலைகளை அரம் போட்டு மழுக்கியிருந்தான், குழந்தையின் கால் சக்கரத்தில் மாட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் வலை வைத்திருந்தான், பெயிண்ட் உரசாமல் இருக்கப் பிடிப்புகளுக்கு உள்ளே பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தான். அத்தனையும் அன்புதான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்குகிற இரண்டு மெல்லிய குழாய்கள். அதில் பிடிப்பைப் போட்டு நட்டை முடுக்கினான். கேரியர் கொஞ்சம் ஆடியது. இரும்பு வேலைக்காரனுக்கு ஆடுகிற பொருளைக் கண்டால் கை சும்மா இருக்காது. நீளமான ஸ்பேனரை எடுத்தான். இன்னொரு சுற்று. இன்னும் கால் சுற்று.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மிளகைப் பல்லில் வைத்துக் கடித்த மாதிரி. அவ்வளவு சின்னது.

தம்பி கையை எடுத்தான். குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் தடவினான். பெயிண்ட் வழவழவென்று இருந்தது. ரப்பர் உட்கார்ந்த சத்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கேரியரை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. பாறை மாதிரி நின்றது. மகளைத் தூக்கி உட்காரவைத்தான். அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "நான் அத்தையோட பறக்கப் போறேன்" என்று கத்தினாள். அம்மாக்காரி வாசலுக்கு வந்து, வெகு நாளைக்கப்புறம் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா தெருவில் வந்தாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. குழந்தையை இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள். "ஸ்பேனரக் குடு" என்றாள். வாங்கி, உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றினாள். குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தம்பியின் காதுமடல் சிவந்தது. ஒரு நாள் முழுக்க அரம் போட்டுச் செய்த வேலை, பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, பழைய இரும்பு மாதிரி தரையில் கிடந்தது.

அக்கா பிடிப்பு இருந்த இடத்தை விரல் நுனியால் தடவினாள். ஒரு நாணயத்தை எடுத்து மெதுவாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இறுக்கும்போது ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்?"

"உள்ள ஏதாவது. சின்னதா. கடைக்காரர் சொல்லியிருக்கார்டா. இரும்புன்னா வளைஞ்சு காட்டிக் குடுத்துரும். இது வளையாது. உள்ளுக்குள்ள ஒரே ஒரு தடவ சொல்லும், அப்புறம் வாயே தொறக்காது. திடீர்னு ஒரு நாள் ரெண்டாப் போயிடும். சத்தம் கேட்டிருந்தா ஏறவே கூடாது. அவர்கிட்ட தூக்கிட்டுப் போயிடணும். நல்லா யோசிச்சுச் சொல்லு. கேட்டுச்சா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கேட்டுச்சு என்று ஒரு வார்த்தை. கடவுள் மனுஷனுக்கு நாக்கைக் கொடுத்ததே இந்த மாதிரி ஒன்றிரண்டு இடத்தில் உண்மை பேசுவதற்குத்தான். ஆனால் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டி நின்றாள். இருபத்திரண்டு வருஷத் தொழில் தரையில் கிடந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

"நிஜமாவா?"

"ஒண்ணும் இல்லங்கறேன்ல. எத்தன தடவ கேப்ப? உன் சைக்கிளு தங்கம், நாங்கதான் தகரம். போதுமா?"

அக்கா கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கொக்கியில் மாட்டினாள். மறுநாள் ஐந்தேகாலுக்கு அது டிக்டிக்கென்று வாசல் தாண்டிப் போகிற சத்தத்தைத் தம்பி படுத்தபடியே கேட்டான்.

அதற்குப் பிறகு தினமும் அந்த டிக்டிக். தினமும் அவனுக்கு அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். அவள் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று, "பம்பு வாஷர் தேஞ்சு போச்சு போலிருக்கே" என்று வேறு எதையோ சொல்லிவிட்டு வருவான். இரண்டு மணிக்கு மேல் பட்டறையில் கை வேலை செய்யும், கண் தெருவைப் பார்க்கும். குழந்தையும் சைக்கிளும் அக்காவும் தெருமுனையில் திரும்பினால் அப்பாடா என்று இருக்கும். அப்பாடா என்று இருந்த உடனே, சொல்ல வேண்டிய அவசரமும் போய்விடும். பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, ஆகிறதாக இருந்தால் இதற்குள் ஆகியிருக்காதா என்று நினைக்கத் தொடங்கினான். இருபதாவது நாள் நன்றாகவே தூங்கினான்.

இருபத்துமூன்றாவது நாள், மேம்பாலத்தின் உச்சி தாண்டி, மிதிப்பதை நிறுத்திவிட்டு இறங்குகிற இடத்தில், பின்பக்கக் குழாய் ஒன்று முறிந்து சக்கரத்துக்குள் போயிற்று. சக்கரம் அப்படியே நின்றது. அக்கா நிற்கவில்லை. தோள் எலும்பும், வலது மணிக்கட்டும்.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். முந்தின நாள் அவளே மடித்த விரிப்பில்தான் படுக்கவைத்தார்கள். தம்பி ஓடி வந்தபோது அவள் இடது கையால் அந்த விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"சாக்கடைக் கம்பிகூட இல்லடா அங்க" என்றாள். "நல்ல ரோடு. எனக்கே புரியல."

சைக்கிளைத் தம்பிதான் கடைக்குத் தூக்கிப் போனான். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முறிவில் முக்கால் பங்கு புதுசு, நார் நாராகக் கறுப்பாக மின்னியது. ஒரு ஓரம் மட்டும் மங்கி, தூசியும் எண்ணெயும் ஏறியிருந்தது.

"இது இன்னிக்கு உடைஞ்சது இல்ல. இந்த ஓரம் மூணு நாலு வாரம் முன்னாடியே போயிருக்கு. யாரோ எதையோ வெச்சு நசுக்கியிருக்காங்க." அவர் தம்பியின் கையைப் பார்த்தார். நெருப்புப் பொறி பட்டுப் பட்டுத் தடித்த கை. "இறுக்கினவருக்குக் கேட்டிருக்கும். கேக்காம இருக்காது."

"ஒட்ட முடியாதா?" என்றான் தம்பி.

"உங்க வெல்டிங் இதுல ஏறாது, அண்ணே."

எதையும் ஒட்டிப் பிழைக்கிறவன் அன்றைக்கு அந்த உடைந்த சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், துத்தநாகத் தகடுகளுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் சாத்தி வைத்தான். வீட்டில் கேட்டதற்கு, சாமான் பழசு, வாங்கும்போதே கோளாறு என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னான். நல்ல மனுஷன் மேல் பழி போட்டதுதான் மிச்சம். அக்கா அதையும் கேட்டுக்கொண்டாள்.

எலும்பு கூடியது. மணிக்கட்டு மடங்கவில்லை. சலவைக்கூடத்தில் சூடான உருளைக்குள் விரிப்பை விடுகிறவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்து, சுருக்கம் விழாமல் உள்ளே செலுத்த வேண்டும். அக்காவின் வலது விரல்கள் முனையைப் பிடித்தால், பிடித்த மாதிரி இருக்கும், இழுக்கும்போது நழுவிவிடும். எதிர்ப்பக்கம் நின்றவளின் கை ஒரு தடவை உருளைக்குக் கிட்டே போய்விட்டது. தலையணை உறை எண்ணுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். அதுவும் மறுபடி இரண்டு பஸ். மறுபடி நாலு மணி. மறுபடி சாத்திய கதவு. மூன்றாவது தடவை மேற்பார்வையாளர் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"அக்கா, கை ஒழுங்கா இருந்தா நேரத்தப் பத்திக் கொஞ்சம் பேசிப் பாக்கலாம். நேரத்துக்கு வந்தா கையப் பத்திப் பேசிப் பாக்கலாம். ரெண்டும் இல்லன்னா நான் மேல என்னன்னு சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார்" என்றாள். அலமாரியிலிருந்த சீருடைகளை மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

தம்பி ஒரு காரியம் செய்தான். கெட்டியான இரும்புச் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து அக்காவின் முன்னால் நிறுத்தினான். "இது உடையவே உடையாதுக்கா. யானை ஏறினாலும் தாங்கும்." அக்கா நல்லா இருக்குடா என்றாள். வலது கையால் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். விரல் வளைந்தது, அழுத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரு வாரம் அது அங்கேயே நின்றது. அப்புறம் தம்பி மனைவி தையல் கடைக்கு அதை எடுத்துப் போகத் தொடங்கினாள். தரையில் கிடந்த அந்தக் கேரியரும் சீட்டும் அதில் கச்சிதமாகப் பொருந்தின. மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனாள். முன்னறை ஜன்னலிலிருந்து அக்கா கையசைத்தாள்.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டான், சத்தம் கேட்டதையும், இல்லை என்றதையும். அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை நின்றது. குழந்தையை வெளியே அனுப்பினாள். பிறகு சொன்னாள்: "அண்ணிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நீங்க பொய் சொன்னா உங்க மூஞ்சியே சொல்லிடும். சின்ன வயசுலேருந்து பாக்கறவங்க. தெரிஞ்சுதான் ஏறியிருப்பாங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு விட்டிருப்பாங்க."

முழுகுகிறவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். தெரிந்திருக்கும். அன்றைக்கு அவள் அவன் முகத்தை அப்படிப் பார்த்தாளே, அதற்கு வேறென்ன அர்த்தம்? தெரிந்தும் ஏறினாள் என்றால் பாதி அவளுடையது. நாள் ஆக ஆக அந்தப் பாதி முக்கால் ஆயிற்று. அவன் சாப்பிட்டான், தூங்கினான், பட்டறையில் சிரித்துப் பேசினான்.

அக்காவுக்கு வேறு ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்தது. ராத்திரியில் கதவைப் பார்த்துக்கொள்கிற வேலை, தங்க ஒரு அறை. முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். தம்பி மனைவி வேண்டாம் அண்ணி, இருங்க அண்ணி என்று அழுதாள். உண்மையான அழுகைதான். மெஷின் அடுத்த வாரம் வந்தது.

பஸ் நிலையத்துக்குத் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த வருஷம் குளிர் காலத்தில் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தகவல் கிடைத்து இவன் போவதற்குள் மண் போட்டு முடித்திருந்தார்கள். அவள் ஆத்மாவைக் கடவுள் நல்ல இடத்தில் வைத்திருப்பார். அதில் சந்தேகம் இல்லை.

அவளை அனுப்பிவைத்த அன்றைக்கு மத்தியான வெயிலில் பஸ் புழுங்கிக்கொண்டு நின்றது. தம்பி அவளோடு உள்ளே ஏறி, பையை மேலே வைத்தான், ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டான், தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தான். இறங்க வேண்டியதுதான். இறங்கவில்லை.

"அக்கா."

"என்னடா?"

"அன்னிக்கு சத்தம் கேட்டுச்சு."

அவள் பாட்டில் மூடியைத் திருகி மூடினாள்.

"கேரியர் இறுக்கினப்ப. நீ கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லிட்டேன்." அவன் அவசர அவசரமாக, தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசினான். "உனக்குத் தெரியும் இல்லக்கா? என் மூஞ்சியப் பார்த்தே உனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் என் மனசு நோகக் கூடாதுன்னுதானே நீ..."

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். பஸ் உறுமி ஆடியது. அக்கா பாட்டிலை மடியில் வைத்து, அவன் முகத்தை அன்றைக்குப் பார்த்த மாதிரியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியாதுடா" என்றாள். "சத்தியமா தெரியாது. நீ ஒண்ணும் இல்லன்னு சொன்ன, நான் நம்பிட்டேன். இருபத்தி மூணு நாளும் நம்பித்தான் ஏறினேன். இறங்கிப் போ, பஸ்ஸ எடுக்கறாங்க."